ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ்: இரண்டு மாதம், ஐம்பதாயிரம் ரூபாய், நடுவில் ஒரு எத்திக்ஸ் கமிட்டி

எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு தொடங்கியதுமே ஹாஸ்டல் வராந்தாவில் அடிபடும் பெயர் எஸ்டிஎஸ். இளநிலை மருத்துவ மாணவர்களுக்கு ஆராய்ச்சியில் ருசி காட்டுவதற்காக ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 1979இல் தொடங்கிய ‘ஷார்ட் டெர்ம் ஸ்டூடன்ட்ஷிப்’ அது. எம்பிபிஎஸ் அல்லது பிடிஎஸ் படிப்பவர், தன் கல்லூரி ஆசிரியர் ஒருவரை கைடாக வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் ஒரு சிறு ஆய்வைத் தானே செய்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை தேறினால் உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். முன்பு மாதம் 10,000 வீதம் 20,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு மாதம் 25,000 ஆக உயர்ந்து மொத்தம் 50,000 ரூபாய் ஆனது. ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பிஜி மாணவர்களுக்கும் இதில் இடமில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆய்வு என்றால் என்ன என்று கையால் தொட்டுப் பார்க்க இளநிலை மாணவருக்கு இதைவிட நல்ல வழி நம் ஊரில் இல்லை. பணத்துக்காக விண்ணப்பிப்பதாக இருந்தால் வேண்டாம். அறிவிப்பிலிருந்து சான்றிதழ் வரை இதில் ஆள் கவிழும் இடங்கள் நான்கைந்து உண்டு. அவற்றில் பெரியது கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பணம். அந்த 50,000 ரூபாய் ஆய்வு முடிந்து, அறிக்கை சமர்ப்பித்து, அது பரிசீலனையில் தேறிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். ஆய்வுக் காலத்தில் ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது. கிட், ரீஏஜென்ட், ஜெராக்ஸ், பஸ் டிக்கெட் எதற்கும் தனியாகப் பணம் கிடையாது. ஆகவே ‘ஸ்டைபெண்ட் வந்ததும் கிட் வாங்கலாம்’ என்ற திட்டம் ஆரம்பத்திலேயே தப்பு.

லேப் ஆய்வில் இறங்குபவர்கள் சறுக்கும் ஒரு கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் ஒரு பொருளின் அளவைப் பார்க்கும் எலைசா சோதனைத் தட்டில் 96 குழிகள். ஒப்பிடுவதற்கான, அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் எட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை போட்டால் 16 குழி போயிற்று. மீதி 80. ஒவ்வொரு ரத்த மாதிரியையும் இரட்டையாகப் போட்டால் ஒரு தட்டில் 40 பேர்தான். விண்ணப்பத்தோடு அனுப்பும் ஆய்வுத் திட்டமான ப்ரொபோசலில் ‘100 பேருக்கு சீரம் அளவு பார்ப்போம்’ என்று எழுதியவருக்கு, ஒரு தட்டு உள்ள கிட் ஒன்று போதாது, மூன்று வேண்டும். அந்த மூன்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால் ஸ்டைபெண்ட் மொத்தமும் அதற்கே போய்விடலாம். மருத்துவமனை லேபில் நோயாளிக்கு எப்படியும் செய்யப்படும் பரிசோதனைகளை வைத்து ஆய்வை அமைப்பதுதான் புத்திசாலித்தனம். ஹீமோகுளோபின், எச்பிஏ1சி, சிறுநீர் கல்ச்சர், சென்சிடிவிட்டி ரிப்போர்ட் எல்லாம் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கின்றன. கேள்வி நன்றாக இருந்தால் அவை போதும்.

இனி கைடு. ஒரு கைடு ஓர் ஆண்டில் ஒரு மாணவரைத்தான் எடுக்க முடியும். அதனால் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று பெயர் வாங்கிய பேராசிரியர்கள், அறிவிப்பு வருவதற்கு மாதங்கள் முன்பே புக் ஆகிவிடுவார்கள். கம்யூனிட்டி மெடிசின் துறை வாசலில் வரிசை நிற்கும். அதே நேரம் மைக்ரோபயாலஜியிலும் ஃபார்மகாலஜியிலும் நல்ல ஆட்கள் ‘யாராவது கேட்டால் பார்ப்போம்’ என்று உட்கார்ந்திருப்பார்கள். ‘சார், எனக்கு ஒரு டாபிக் கொடுங்க’ என்று போய் நிற்பதைவிட, ஒரு பக்கத்தில் கேள்வி, யாரிடம் ஆய்வு, எத்தனை பேர், என்ன அளக்கப்போகிறோம் என்று நான்கு வரி எழுதிக்கொண்டு போவது நல்லது. அந்தத் தாள் முழுக்க அடிக்கப்பட்டுச் சிவப்பாகத் திரும்பினாலும் பரவாயில்லை, பேச்சு தொடங்கிவிட்டது.

அரசுக் கல்லூரிகளில் இன்னொன்று உண்டு. இடமாற்றக் கலந்தாய்வு நடந்து, கைடு வேறு ஊருக்குப் போய்விடுவார். எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே அதே துறையின் இன்னொரு ஆசிரியரை இணை ஆய்வாளராகச் சேர்த்து வைத்தால், வார்டுக்குள் நுழையவும் பதிவேட்டைக் கேட்கவும் ஆள் இருப்பார்.

டாபிக் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். ‘மருத்துவ மாணவர்களிடையே இன்னது பற்றிய அறிவு, மனப்பான்மை, நடைமுறை’ என்ற தலைப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பக்கத்து அறை நண்பர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி முடிக்கும் ஆய்வு அது. பரிசீலிப்பவர்கள் அதைப் பார்த்துச் சலித்துப்போயிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அதே உழைப்பில், மருந்துச் சீட்டுகளை ஆராயும் ஒரு ப்ரிஸ்கிரிப்ஷன் ஆடிட் செய்யலாம். அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து அளவுகோல்கள் தயாராக இருக்கின்றன: ஒரு சீட்டில் சராசரி எத்தனை மருந்து, எத்தனை சதவீதம் ஜெனரிக் பெயரில், எத்தனை சீட்டில் ஆன்டிபயாடிக், எத்தனையில் ஊசி, எத்தனை மருந்து அத்தியாவசிய மருந்துப் பட்டியலில். இல்லையென்றால் வார்டில் கை கழுவும் ஐந்து தருணங்களைக் கவனித்துக் குறிக்கலாம். ஒரு அமர்வு சுமார் 20 நிமிடம்தான். ஆனால் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் எல்லோரும் அன்று ஒழுங்காகக் கழுவிவிடுவார்கள் என்பதையும் அறிக்கையில் குறைபாடாக எழுத வேண்டும்.

சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்பதுதான் அடுத்த குழி. ஒரு நோயோ பழக்கமோ எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்கு எல்லோரும் போடும் கணக்கு எளிது. முந்தைய ஆய்வில் கிடைத்த சதவீதத்தையும் நூறில் அதன் மீதியையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, நாம் அனுமதிக்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். சதவீதம் 30, பிழை 10 என்றால் 30 × 70 × 4 ÷ 100, அதாவது 84 பேர். பிழையை 5 ஆக்கினால் அதே கணக்கு 336 பேர் என்று சொல்லும். துல்லியமாக இருக்கட்டும் என்று 5 போட்டுவிட்டு, பிறகு தலையில் கை வைப்பவர்கள் அதிகம்.

ஏன் என்று பாருங்கள். இரண்டு மாதத்தில் கடைசி இரண்டு வாரத்தை டேட்டா என்ட்ரிக்கும் எழுதுவதற்கும் ஒதுக்கினால் மிச்சம் ஆறு வாரம், வாரம் ஆறு நாள், 36 ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு) நாட்கள். ஒருவரிடம் விளக்கிச் சம்மதம் வாங்கி, கேள்வித்தாளை முடிக்க 25 நிமிடம் ஆகும். 84 பேர் என்றால் நாளுக்கு இரண்டு மூன்று பேர், போஸ்டிங் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் முன் செய்துவிடலாம். 336 என்றால் நாளுக்கு ஒன்பது பேருக்கு மேல், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். மருத்துவப் படிப்பில் இதற்கென்று நீண்ட கோடை விடுமுறை ஒன்றும் கிடையாது. தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். இன்டர்னல் தேர்வு வேறு நடுவில் வந்து நிற்கும். பிழை 10 என்று போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏன் 10 என்று ஒரு வரியில் காரணம் எழுதினால் போதும்.

இப்போது முக்கியமான இடம், ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் தரும் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி. விண்ணப்பிக்கும்போது கமிட்டி ஒப்புதல் கேட்கப்படாது. ஆய்வு தொடங்கும் முன் அது கையில் இருக்க வேண்டும், அறிக்கையோடு சமர்ப்பிக்கவும் வேண்டும். இந்தச் சலுகையைப் பலர் ‘செலக்ட் ஆனால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். கமிட்டி தினமும் கூடுவதில்லை. சில கல்லூரிகளில் மாதம் ஒருமுறை, சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அஜெண்டாவில் ஏற வேண்டுமானால் அதற்கும் முன்பே பிரதிகள் கொடுக்க வேண்டும். பல கல்லூரிகளில் எத்திக்ஸுக்கு முன் சயின்டிஃபிக் கமிட்டி என்று இன்னொரு படி இருக்கும். முடிவு வந்த பிறகு ஓட ஆரம்பித்தால் ஒப்புதல் கடிதம் வரும்போது இரண்டு மாதத்தில் பாதி கரைந்திருக்கும். ப்ரொபோசலை ஐசிஎம்ஆருக்கு அனுப்பும் அதே வாரத்தில் கமிட்டிக்கும் கொடுத்துவிடுவதுதான் ஒரே வழி. தேர்வாகவில்லை என்றால் என்ன, ஒப்புதல் பெற்ற ஆய்வு கையில் இருக்கிறது. கைடு சம்மதித்தால் ஸ்டைபெண்ட் இல்லாமலே செய்யலாம்.

ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் மூன்று வகைப் பரிசீலனையைச் சொல்கின்றன: விலக்கு, விரைவு, முழுக் கமிட்டி. பெயர் நீக்கிய பழைய பதிவேடுகளை மட்டும் பார்க்கும் ஆய்வு, ஆபத்து மிகக் குறைவான ஆய்வு போன்றவை முதல் இரண்டில் வர வாய்ப்புண்டு. எந்த வகை என்பதைக் கமிட்டிதான் முடிவு செய்யும், கைடு அல்ல. ஆனால் கவர் லெட்டரில் ‘இது இந்தக் காரணத்தால் விரைவுப் பரிசீலனைக்குத் தகுதியானது’ என்று கேட்டு எழுதலாம். கேட்காதவர்களின் ஃபைல் முழுக் கமிட்டிக்காகக் காத்துக்கிடக்கும். குழந்தைகளைச் சேர்த்தால் வேலை இரட்டிப்பு. பெற்றோர் சம்மதம் போக, 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவும் 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் வேண்டும். முதல் ஆய்வுக்குப் பெரியவர்களே போதும். மருந்தோ உடற்பயிற்சியோ கொடுத்து விளைவு பார்க்கும் ஆய்வு என்றால் மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பதிந்தால்தான் ஏற்பார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பாதை வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஒப்புதல் கடிதம் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். தலைப்பு, எஸ்டிஎஸ் ப்ரொபோசலில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? முதன்மை ஆய்வாளர் இடத்தில் மாணவர் பெயர் இருக்கிறதா, கைடின் பெயர் மட்டும்தானா? தேதி, முதல் நோயாளியிடம் கையெழுத்து வாங்கிய தேதிக்கு முந்தியதா? மூன்றாவது தவறினால் திருத்தவே முடியாது. நடந்து முடிந்த ஆய்வுக்குப் பின்தேதியில் ஒப்புதல் என்று ஒன்று கிடையாது.

சம்மதப் படிவமும் கேள்வித்தாளும் தமிழில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிப்பட்ட தமிழ் என்பதில்தான் கோளாறு. ஓர் உதாரணம்: ‘மன அழுத்தம்’. ஸ்ட்ரெஸ் என்பதற்கும் அதைத்தான் எழுதுகிறார்கள், டிப்ரஷன் என்பதற்கும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரே கேள்வித்தாளில் இரண்டும் வந்தால் பதில் எதைப் பற்றியது என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெஸ்ஸுக்கு ‘டென்ஷன்’ என்றே போட்டால் ஓபிடியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் புரியும். ஒருவர் தமிழாக்கி, அதை ஆங்கில மூலம் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு பத்துப் பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். கேள்வியைப் படித்துக் காட்டியதும் ‘என்ன கேக்குறீங்க தம்பி?’ என்று வந்தால் அந்தக் கேள்வி தேறவில்லை.

கேள்வித்தாளின் உரிமையையும் பாருங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 இலவசம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. நினைவாற்றல் போன்றவற்றைச் சோதிக்கும் எம்எம்எஸ்இ அப்படி இல்லை, உரிமம் வாங்க வேண்டும். இணையத்தில் பிடிஎஃப் கிடைக்கிறது என்பதற்காக எதையும் எடுத்துப் போட்டுவிட முடியாது. குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையைக் கணக்கிடும் குப்புசாமி அளவுகோலைப் பயன்படுத்தினால் வருமான எல்லைகளை விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்பப் புதுப்பித்த பட்டியலைத் தேடி எடுங்கள். சீனியரின் பழைய ரிப்போர்ட்டிலிருந்து காப்பி அடித்தால் ஏழைகள் எல்லோரும் திடீரென்று நடுத்தர வர்க்கம் ஆகிவிடுவார்கள்.

விண்ணப்பத்தைத் தகுதி நீக்கும் ஒரு சின்ன விஷயம்: ப்ரொபோசலில் மாணவர் பெயர், கைடு பெயர், கல்லூரி பெயர் எங்கும் வரக் கூடாது. பரிசீலிப்பவருக்கு யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காக. எல்லோரும் தலைப்புப் பக்கத்தில் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, செய்முறைப் பகுதியில் மருத்துவமனையின் பெயரை எழுதிவிடுவார்கள். ‘தென்னிந்தியாவில் உள்ள ஒரு மூன்றாம் நிலை மருத்துவமனை’ என்று எழுதினால் போதும். அறிக்கைக்கும் இதே விதி. பெயரும் கையெழுத்தும் முத்திரையும் வர வேண்டிய இடம் அட்டெஸ்டேஷன் படிவம். அதை ஆன்லைனில் எடுத்து, கைடிடமும் டீனிடமும் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். டீன் கடைசி நாளில் மீட்டிங்குக்குப் போயிருப்பார். இது எல்லாக் கல்லூரிக்கும் பொது.

டேட்டா என்ட்ரியில் பழைய வியாதி ஒன்று. வயது தெரியாதவருக்கு 99 என்று போட்டுவிட்டு, சராசரி எடுக்கும்போது அதை நீக்க மறந்துவிடுவார்கள். 40 வயதுக்காரர்கள் 95 பேரோடு இப்படி ஐந்து 99 சேர்ந்தால் சராசரி 43 ஆகிவிடும், தப்பு என்று கண்ணுக்கும் தெரியாது. தெரியாததைக் காலியாக விடுங்கள். கட்டணப் புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ் இல்லையே என்று கவலை வேண்டாம். ஜமோவி, எபி இன்ஃபோ, ஆர் மூன்றும் இலவசம், இந்த அளவு ஆய்வுக்குத் தாராளம். சாம்பிள் 84 என்று எழுதி 71 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் 71 என்றே எழுதி, ஏன் என்று சொல்லுங்கள். மீதி 13 பேரை ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து நிரப்புவது மோசடி. எண்கள் வரிசையாக அழகாக இருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் திட்டத்தின் மீது எங்கள் குறைகள் இரண்டு. ஒன்று, நாள் அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. இரண்டு மாதத்தை எந்தத் தேர்வுக்கு நடுவில் செருகுவது என்று முன்கூட்டித் திட்டமிட முடிவதில்லை. இன்னொன்று, பணம் முழுவதும் கடைசியில் வருவது. வீட்டில் கை நீட்ட முடியாத மாணவருக்குப் பாதியையாவது தொடக்கத்தில் கொடுத்தால்தான் இது எல்லோருக்குமான திட்டமாகும்.

மருத்துவம் அல்லாத அறிவியல் மாணவர்கள் பார்க்க வேண்டியது வேறு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெலோஷிப் அவர்களுக்குப் பொருந்தும். அதுவும் இரண்டு மாதம்தான், ஆனால் சொந்தக் கல்லூரியை விட்டு வேறொரு ஆய்வகத்துக்குப் போய் உட்கார வேண்டும். உதவித்தொகையோடு ரயில் கட்டணமும் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டு நவம்பரோடு முடிந்துவிடும். கோடை வரட்டும் என்று மார்ச்சில் தேடுபவர்கள் வருடா வருடம் கோட்டை விடுவது இங்கேதான். பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியரே ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பதால் அவருக்கு நினைவூட்டும் வேலையும் மாணவருடையதே. ஆயுர்வேத மாணவர்களுக்கு, மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சி அமைப்பான சிசிஆர்ஏஎஸ் நடத்தும் ஸ்பார்க் திட்டம் இருக்கிறது, அங்கேயும் மாதம் 25,000 வீதம் இரண்டு மாதம். பிஎச்டி சேர்ந்தவர்கள் கணக்கு வேறு: 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000 ரூபாய்.

எஸ்டிஎஸ் பதிவு செய்யும் நாளன்று ஒரு வேலை செய்யுங்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக், கல்லூரி அடையாள அட்டை மூன்றையும் மேஜையில் வரிசையாக வையுங்கள். நம் பக்கத்துப் பெயர்களில் ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பணம் போகும் கணக்கில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் அடியுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால், பாஸ்புக்கைத் திருத்த வங்கிக்குப் போவதை அறிக்கை முடிந்த பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள்.